தானாக மாறுவது மட்டும் போதாது

ஐயா,

மின்தடையில் துணை மின் நிலையம் மாற்று வழிக்குத் தானாக மாற, மின்னழுத்தம் விழுந்ததும் ரிலே (அதைக் கண்காணித்துக் கட்டளை தரும் கருவி) ஓரிரு நொடி பொறுக்க வேண்டும். மின்சாரம் உள்ளே வந்த பழைய வழியின் இன்கமர் பிரேக்கர் திறந்தது (துண்டித்தது) உறுதியான பிறகே, இரு பஸ்பார்களை (மின்சாரத்தைப் பகிரும் பொதுக் கம்பிகளை) இணைக்கும் பஸ் கப்ளர் பிரேக்கரை மூடலாம் (இணைக்கலாம்). பஸ்பாரிலேயே பழுது என்றால் மாற்றமே கூடாது. அளவுமீறிய மின்னோட்டத்தைக் கண்டறியும் ஓவர்கரன்ட் ரிலே மாற்றத்தைத் தடுக்காவிட்டால், நன்றாக ஓடும் டிரான்ஸ்ஃபார்மரும் அதே பழுதுக்கு மின்சாரம் ஊட்டும். பெரிய மோட்டார்கள் உள்ள இடத்தில், மின்சாரம் போன பிறகும் அவை சுழன்று தரும் எஞ்சிய மின்னழுத்தம், மாறும் முன் வழக்கமான அளவில் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கட்டும். ரிலேவுக்கு மின்னழுத்தத்தை அளந்து காட்டும் பி.டி.யின் (அளவீட்டு டிரான்ஸ்ஃபார்மரின்) ஃபியூஸ் ஒன்று போனாலே, மின்சாரமே போய்விட்டதாக ரிலே ஏமாறலாம். அது மூன்று ஃபேஸையும் பார்க்கச் செய்யுங்கள்.

இத்தனையும் இருந்தும், பிரேக்கரை இயக்கும் டி.சி. பேட்டரி செத்திருந்தால் பிரேக்கர் அசையாது. அதை லோடு கொடுத்தே சோதிக்க வேண்டும். சார்ஜர் இணைப்பில் இருக்கும்போது கெட்ட செல்லும் நல்லதாகத்தான் தெரியும்.

– ஒரு வாசகர்