பொருளறிவியல் என்றால் கிராபீன் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருள்களின் அமைப்பையும் பண்புகளையும் ஆராயும் பொருளறிவியல் நீடித்த வளர்ச்சியில் ஆற்றும் பங்கு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலமான கிராபீன், பெரோவ்ஸ்கைட் என்ற படிகவகைப் பொருளாலான சூரிய மின்கலம், கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் நுண்துளைப் பொருள்கள் என ஆய்வகங்களின் அண்மைச் சாதனைகளைக் கட்டுரையாளர் எளிய நடையில் விளக்கியிருந்தது பாராட்டுக்குரியது. ஆனால், உலகம் கோடிக்கணக்கான டன் அளவில் பயன்படுத்தும் பழைய பொருள்களைப் பற்றி அதில் ஒரு பத்திகூட இல்லை. இத்துறை செய்ய வேண்டிய பெரும்பணி அங்கேதான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிமென்டையே எடுத்துக்கொள்வோம். மனிதச் செயல்பாடுகளால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சூளையில் நிலக்கரி எரிவதுதான் இதற்குக் காரணம், எரிபொருளை மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த வாயுவில் பாதிக்கு மேல் சிமென்டின் மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சூளையைச் சூரிய மின்சாரத்திலேயே ஓட்டினாலும் இந்த 44 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையாது. எனவே மாற வேண்டியது சிமென்டின் சேர்மானமே.

அதற்கான வழியொன்று ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளது. சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும், கியூபாவின் சாந்தா கிளாரா நகர ஆய்வாளர்களும், இந்தியாவின் ஐ.ஐ.டி.க்கள் சிலவும் சேர்ந்து உருவாக்கிய ‘எல்சி3’ (சுண்ணாம்புக்கல்–சுட்ட களிமண் சிமென்ட்) என்ற சிமென்டில் கிளிங்கரின், அதாவது சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சூளையில் சுட்டுப் பெறும் கட்டிகளின், பங்கு பாதிதான். சுட்ட களிமண் 30 விழுக்காடும், சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15 விழுக்காடும், ஜிப்சம் 5 விழுக்காடும் சேர்கின்றன. கிளிங்கருக்கு 1450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; களிமண்ணுக்கோ 700 முதல் 850 டிகிரி போதும், சுடும்போது அதிலிருந்து வெளியேறுவதும் பெரும்பாலும் நீராவிதான். சுட்ட களிமண்ணிலுள்ள அலுமினா (அலுமினிய ஆக்சைடு) சுண்ணாம்புக்கல் தூளுடன் வினைபுரிந்து, இறுகும் கலவையின் நுண்துளைகளை நிரப்புவதால், கிளிங்கர் குறைந்தும் வலிமை கிடைக்கிறது. வழக்கமான போர்ட்லாந்து சிமென்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு வெளியேற்றம் 40 விழுக்காடு வரை குறைகிறது. பீங்கான் செய்ய உதவாது என்று ஒதுக்கப்படும் மட்டமான களிமண்ணே இதற்குப் போதும் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உப்புக்காற்றின் குளோரைடை இது நன்றாகத் தாங்கினாலும், காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும் சிக்கலில் பழைய சிமென்டைவிடச் சற்றுப் பின்தங்கியே இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்க வேண்டிய கட்டுமானத்துக்கு இதைச் சோதித்துச் சான்று தருவது எளிய வேலையன்று. ஆய்வகத்தில் உருவான இந்தச் சிமென்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் வந்ததே 2023-இல்தான். களிமண்ணிலுள்ள இரும்பினால் இது சில வேளை செந்நிறம் காட்டும். வலிமைக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லாவிட்டாலும், சாம்பல் நிறத்துக்குப் பழகிய கண்கள் ஐயத்தோடுதான் பார்க்கும்.

கட்டுரையாளர் தொடாத மற்றொன்று, பயன்முடிந்த பொருள்களை மறுபயன்பாட்டுக்காகப் பிரித்தெடுப்பது. காற்றாலை இறகுகள் பெரும்பாலும் கண்ணாடி இழையையும் எபாக்சி பிசினையும் சேர்த்துச் செய்யப்படுகின்றன. ஒருமுறை இறுகிய அந்தப் பிசினை மீண்டும் உருக்க முடியாது. தூய மின்சாரம் தந்து ஓய்ந்த இறகுகள் பல மண்ணில் புதைக்கப்படுவது இதனால்தான். எஃகின் கதை இன்னும் நுட்பமானது. பழைய கார்களை நொறுக்கி உருக்கும்போது, மோட்டார்களிலும் கம்பிகளிலும் உள்ள செம்பு எஃகோடு கலந்துவிடுகிறது. அதைப் பின்னர் நீக்கும் நடைமுறை வழி இன்று ஆலைகளிடம் இல்லை. செம்பு மிகுந்த எஃகைச் சூடாக உருட்டினால் மேற்பரப்பில் வெடிப்பு விழும். ஆகவே, காராக இருந்த எஃகு பெரும்பாலும் மீண்டும் காராகாமல் கட்டடக் கம்பியாகிவிடுகிறது. நெகிழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 2015 வரை குப்பையான நெகிழியில் மறுசுழற்சிக்குச் சென்றது ஏறத்தாழ 9 விழுக்காடுதான். நெகிழியும் அலுமினியப் படலமும் ஒட்டப்பட்ட ஒரு தின்பண்ட உறையைப் பிரித்துப் பார்க்க முயன்றவர்களுக்குக் காரணம் விளங்கும்.

கட்டுரையில் மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்களைப் பற்றிய பகுதியில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கோபால்ட் இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம், அரிய தனிமம் ஒன்றின் தேவையை இரும்பைக் கொண்டே தவிர்த்தது. கட்டுரையாளரின் உற்சாகம் அங்கே முழுவதும் பொருந்துகிறது.

இக்கட்டுரை தொடராக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதிகளில் ஒன்றையேனும் சிமென்ட், எஃகு, நெகிழி ஆகியவற்றுக்கு ஒதுக்குமாறும், ஒவ்வொரு புதுப் பொருளைப் பற்றி எழுதும்போதும் அது பயன்முடிந்த பிறகு எப்படிப் பிரிக்கப்படும், அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்ற இரு கேள்விகளையும் அதைக் கண்டுபிடித்தவர்களிடமே கேட்டு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்