கொசுவை நலியச் செய்யாத பாக்டீரியாவே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தி, அக்கொசுக்களை ஊருக்குள் விட்டு டெங்குவைக் கட்டுப்படுத்தும் முறை பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வடசென்னையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தட்டணுக்களை எண்ணியே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். இப்பொருளுக்கு இடம் கொடுத்தமைக்கு நன்றி. ஆனால், இந்தப் பாக்டீரியா கொசுவை நலியச் செய்து கொசுத்தொல்லையையே ஒழித்துவிடும் என்று கட்டுரை முடிந்திருப்பது சரியன்று. கொசுவை மிகவும் நலியச் செய்த வகைதான் களத்தில் தோற்றது.

டெங்கு வைரஸ் கொசுவின் உடலுக்குள் புகுந்து அதன் உமிழ்நீரை எட்ட ஏறத்தாழ 8 முதல் 12 நாள் ஆகும். ஆகவே வயதான கொசுவே நோயைப் பரப்புகிறது. அதன் ஆயுளைக் குறைத்தால் போதும் என்று ஆய்வாளர்கள் முதலில் எண்ணினார்கள். பழ ஈயிலிருந்து எடுத்த ஒரு வோல்பாக்கியா வகையை ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தியபோது கொசுவின் ஆயுள் பாதியாகக் குறைந்ததை 2009இல் வெளியிட்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவிலும் வியட்நாமிலும் அக்கொசுக்களை வெளியே விட்டபோது அந்த வகை நிலைக்கவில்லை. அது தொற்றிய கொசுவின் முட்டைகள் காய்ந்த நிலையில் தாக்குப்பிடிக்காமல் கெட்டுப்போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கொருக்குப்பேட்டையில் என் வீட்டு நீல ட்ரம்மின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே கரித்தூள் ஒட்டியதுபோல் முட்டைகள் தெரியும். ட்ரம்மைக் கவிழ்த்து வைத்தாலும் அவை மாதக்கணக்கில் காத்திருக்கும். லாரித் தண்ணீர் வந்து நனைத்ததும் பொரியும். (தேய்த்துக் கழுவாமல் தண்ணீரை மட்டும் கொட்டுவதால் பயனில்லை என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.) காய்ந்து கிடந்தும் பிழைக்கும் இந்த ஆற்றலைப் பறிக்கும் பாக்டீரியா, தான் குடியிருக்கும் கொசுவோடு சேர்ந்து அற்றுப்போகும்.

வோல்பாக்கியா தாயிடமிருந்து முட்டை வழியாகவே சந்ததிக்குச் செல்கிறது. அது உள்ள ஆண், இல்லாத பெண்ணுடன் கூடினால் முட்டை பொரியாது. அது உள்ள பெண்ணோ எந்த ஆணுடன் கூடினாலும் முட்டை பொரியும். இந்தச் சலுகைதான் அதைப் பரப்புகிறது. கொசுவுக்கு அது விளைவிக்கும் நட்டம் சலுகையை மிஞ்சினால் பரவல் நின்றுவிடும். ஆகவே கொசுவை அதிகம் வருத்தாமல், வைரஸை மட்டும் உள்ளே பெருகவிடாத டபிள்யூமெல் என்ற வகைக்கு ஆய்வாளர்கள் மாறினார்கள். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் பகுதியில் விட்ட அக்கொசுக்கள் அங்கே நிலைத்தன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அம்முறை டெங்குவை 77 விழுக்காடு குறைத்தது என்ற முடிவு 2021இல் வெளியானது. காலப்போக்கில் இந்த உறவு இன்னும் இணக்கமாகவும் கூடும். கலிபோர்னியாவின் பழ ஈக்களில் முதலில் முட்டை எண்ணிக்கையைக் குறைத்த ஒரு வோல்பாக்கியா, சுமார் 20 ஆண்டுகளில் அதைக் கூட்டும் ஒன்றாக மாறிவிட்டது. ஆனால் வைரஸைத் தடுப்பதால் பாக்டீரியாவுக்கு நேரடி ஆதாயம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆகவே அத்தடுப்பு நாளடைவில் குன்றவும் கூடும். கேர்ன்ஸில் பல ஆண்டுகள் கடந்தும் அது குன்றவில்லை என்றாலும், தொடர்ந்து கண்காணிப்பது அவசியம்.

நம் வெயிலும் கணக்கில் வர வேண்டும். பகலில் 37 டிகிரி வரை ஏறும் நீரில் வளரும் புழுக்களில் டபிள்யூமெல் வெகுவாகக் குறைந்துபோகிறது. மே மாதத்தில் மொட்டைமாடி ட்ரம்மில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஆசியப் புலிக்கொசுவிலிருந்து வந்த டபிள்யூஆல்பி என்ற வகை வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்குகிறது; மலேசியாவில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதுச்சேரியிலுள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இரண்டு வகைகளையும் கொண்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறது. சென்னைக்கு எது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரங்களில் இரவெல்லாம் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு இம்முறையால் குறையாது. 1924இல் வோல்பாக்கியாவை முதன்முதலில் கண்டதே கியூலெக்ஸ் இனக் கொசுவில்தான். நம் கால்வாய்க் கொசுவும் அதை இயல்பாகவே சுமக்கிறது. எனவே வெளிநாட்டுக் கிருமியை ஊருக்குள் விடுகிறார்கள் என்று பயப்படவும் வேண்டாம், கால்வாய்க் கொசு ஒழியும் என்று நம்பவும் வேண்டாம்.

புகை மருந்தும் இதில் குறுக்கிடுகிறது. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் முதல் முயற்சி தோற்றதற்கு, விட்ட கொசுக்களிடம் பைரித்ராய்டு என்ற கொசுக்கொல்லி மருந்தைத் தாங்கும் ஆற்றல் இல்லாததே காரணம். உள்ளூர்க் கொசுக்களிடம் அது இருந்தது. எதிர்ப்பாற்றல் உள்ள உள்ளூர்க் கொசுக்களுடன் கலந்து வளர்த்தவற்றை விட்ட பிறகே வெற்றி கிட்டியது. புகை வண்டியும் கொசுவர்த்தியும் பழகிய நம் தெருக்களில், வேறெங்கோ வளர்த்த கொசுவை விட்டால் முதலில் மடிவது அதுவாகவே இருக்கும். மேலும், பாக்டீரியாவைப் பரப்பக் கடிக்கும் பெண் கொசுக்களையும் சேர்த்தே விட வேண்டும். அதனால் சில வாரங்கள் கடி கூடலாம். இதை முன்கூட்டியே மக்களிடம் சொல்லாவிட்டால் எங்கள் பகுதியில் கொசுக்களை வெளிவிடும் பெட்டியை ஒருவரும் வாசலில் வைக்க விடமாட்டார்கள். எந்த வகை, எந்த மாதம், யாரிடம் அனுமதி பெற்று என்பவற்றைப் புதுச்சேரி மைய ஆய்வாளர்களிடம் கேட்டு, தாங்கள் ஒரு தொடர் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட நுட்புநர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.