நூலால் அளந்தேன்

பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று பரணிலிருந்து பழைய உலக உருண்டையை இறக்கித் துடைத்தேன். எட்டாம் வகுப்பில் நீ மை கொட்டிய கறை இந்தியப் பெருங்கடலில் இன்னும் இருக்கிறது.

தையல் நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து, சான் பிரான்சிஸ்கோ வரை இழுத்துப் பிடித்தேன். சுவர்ப்படத்தில் பார்த்தால் பசிபிக்கைக் குறுக்கே தாண்ட வேண்டும் போலத் தோன்றும். நூல் அப்படிப் போகவில்லை. சீனா, சைபீரியா என்று வடக்கே ஏறி, அலாஸ்கா வழியாக இறங்கியது. அதையே பூமத்திய ரேகையில் வைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. சுமார் 13,900 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் சோயா அகர்வாலும் இன்னும் மூன்று பெண் விமானிகளும் உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே ஓட்டி வந்தார்களே, அந்தச் செய்தியை நீதான் அனுப்பினாய். எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 17 மணி நேரம். நீயே ஓட்டி வந்த மாதிரி தெருவில் எல்லாரிடமும் காட்டினேன்.

நீ வருவதானால் சிங்கப்பூர் வழி நல்லது. அதுவரை 13,600 கிலோமீட்டர். இந்தத் திசையில் எதிர்காற்று, அதனால் 16, 17 மணி நேரம் ஆகும். அங்கிருந்து திருச்சிக்கே விமானம் உண்டு, 4 மணி நேரம். சென்னைக்குப் போய் அலைய வேண்டாம். தேதிக் கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் போய்விடும், பார்த்து டிக்கெட் போடு. ஒரே இடத்தில் உட்காராதே, எழுந்து நட. தண்ணீர் குடி.

ஞாயிறு காலை பத்தரைக்கு நாங்கள் பேசும்போது உனக்குச் சனிக்கிழமை இரவு பத்து மணி. மாப்பிள்ளை ஆபீஸ் போயிருக்கிறார் என்கிறாய். மூன்று வாரமாக அதேதான். 37 வருடம் பிள்ளைகளுக்கு நேரக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான், பாப்பா. ஆனாலும் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் நீ போனே எடுக்கவில்லை. ஒரு வரி மெசேஜாவது போட்டிருக்கலாம், அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சரி, அது போகட்டும். விமானத்தில் தண்ணீர் நிறையக் குடி.

தை மாதம் நீ கேட்டாய், "அப்பா, நான் அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. டிக்கெட் விலையைச் சொன்னேன். இவ்வளவு தூரம், இத்தனை மணி நேரம், லீவு வீண் என்றேன். ஊரில் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்ற பயம்தான் எனக்கு. அதை மறைக்கத் தூரத்தைச் சொன்னேன். நீ "சரிப்பா" என்ற குரல் ஆறு மாதமாகக் காதிலேயே இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

இங்கே உன் பழைய கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். வருவதற்கு மட்டும் டிக்கெட் போடு, திரும்புவதை அப்புறம் பார்க்கலாம். நடு ராத்திரியில் இறங்கினாலும் திருச்சியில் நான் நிற்பேன். மாடி அறை ஃபேனை மாற்றியாகிவிட்டது.

அப்பா