ஆக்டாபேடைத் திருப்பிக் கொடுத்த பிறகு எழுதும் நன்றி மடல்

ஏரல், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் வட்டாரங்களின் ஊர்ப் பெரியவர்களுக்கும், விழாக் கமிட்டியாருக்கும், சக கலைஞர்களுக்கும், கோயில் முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து எங்கள் கச்சேரிகளைக் கேட்டுவரும் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஆடி அமாவாசையை ஒட்டி வாசித்த கச்சேரி முடிந்த மறுநாள் காலை, நாகர்கோவில் பக்கத்துக் குழு ஒன்றிடம் இரவல் வாங்கியிருந்த ஆக்டாபேடை (குச்சியால் தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவி), உறையைத் துடைத்து, வயர்களைச் சுருட்டிக் கட்டி, அவர்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் இரவல் வாங்கியவற்றில் கடைசியாக உரியவர் கைக்குத் திரும்பியது அதுதான். எல்லாப் பொருளும் திரும்பிச் சேரும்வரை நன்றி எழுதுவதில்லை என்று குழுவில் முன்பே முடிவு செய்திருந்தோம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்பதுபோல் ஆகிவிடும் என்று எங்கள் தபலாக் கலைஞர் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. இந்த மடல் இவ்வளவு தாமதமாக வருவதற்கு அதுவே காரணம், பொறுத்தருள வேண்டுகிறோம்.

எங்களை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஓரிரு வார்த்தைகள். நாங்கள் ஒரு சிறிய மெல்லிசைக் குழு. பாடுகிறவர்கள் மூவர், கீபோர்டு, ஆக்டாபேட், தபலா, டோலக், பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் ஐவர், அறிவிப்பாளர் ஒருவர். பகலில் ஒருவர் கடையில் கணக்கு எழுதுகிறார், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருக்கிறேன். சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி மாதங்களில் வரும் கோயில் கொடைகள் (எங்கள் பக்கத்துக் கோயில் விழாக்களை அப்படித்தான் சொல்வோம்), பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்கள், கடற்கரை ஊர்களில் மாதா கோயில் திருவிழாக்கள், குலசை தசரா, நடுநடுவே கல்யாண வரவேற்பு, இவ்வளவுதான் எங்கள் உலகம். வடக்கே கோவில்பட்டியையும் தெற்கே உவரியையும் தாண்டிப் போன கச்சேரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. மார்கழியில் எங்கள் பக்கத்தில் கொடை கிடையாது. மற்ற மாதமாக இருந்திருந்தால் பாதிக் கருவிகளாவது வேனிலோ கலைஞர்களின் வீடுகளிலோ இருந்திருக்கும். மார்கழி என்பதால் ஒன்றுவிடாமல் துடைத்து, ஏரலில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் அடுக்கிப் பூட்டிவிட்டு வந்திருந்தோம். அன்றும் மறுநாளும் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை கடந்தது, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. நான்கு நாள் கழித்து அறையைத் திறக்கப் போனபோது கதவு உள்ளே திறக்க மறுத்தது. முழங்கால் உயரத்துக்கு வண்டல் அடைத்திருந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளின் பலகை உப்பித் திறந்திருந்தது. தபலாவின் தோல் கைபட்டதும் சேறாகப் பிரிந்து வந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பையில் நான்கு மைக்குகள் மட்டும் நனையாமல் இருந்தன. மைக் இருக்கிறது, சத்தம் போட்டு அழலாம் என்று அறிவிப்பாளர் சொன்னார். அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, பின்னால் பலமுறை சிரித்திருக்கிறோம்.

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் ஆளைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். எங்கள் டோலக் கலைஞர் தம் தாயாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஓர் இரவும் ஒரு பகலும் மாடியில் நின்றிருக்கிறார். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, தெருவில் இறக்கி, தென்னை மரங்களுக்கு இடையே ஓட்டிவந்து அவர்களை இறக்கிச் சென்ற மீனவ சகோதரர்களுக்கு எங்கள் குழு என்றும் கடன்பட்டது. அவர்களில் ஒருவர் படகிலேயே டோலக் கலைஞரை அடையாளம் கண்டு, ‘நீங்க எங்க மாதா கோயில் திருவிழாவுக்கு வாசிச்சவருல்லா?’ என்று கேட்டாராம். அந்த ஊருக்கு இனிக் கூலி பேசாமல் வாசிப்பேன் என்று டோலக் கலைஞர் சொல்கிறார். அவர் கூலியை விட்டுக்கொடுக்க முடியாத நிலையில் இருப்பதை நான் அறிவேன். ஆனாலும் அந்தப் பேச்சில் நான் தலையிடப் போவதில்லை.

அடுத்து, திருநெல்வேலியில் கீபோர்டு பழுது பார்க்கும் அண்ணாச்சி. சிக்னல் கிடைத்ததும் நான் பேசிய முதல் ஆள் அவர்தான். நான் விவரம் சொல்லத் தொடங்குமுன்பே, எந்தக் கருவிக்கும் கரண்டு கொடுத்துப் பார்க்கக்கூடாது, வெயிலிலும் வைக்கக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். அந்த அறிவுரை எங்களுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகக் கிடைத்தது. காய்ந்துவிட்டது என்று நினைத்து பேஸ் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையரை எங்கள் பையன் ஒருவன் போட்டுப் பார்க்க, அது புகைந்து அடங்கிவிட்டிருந்தது. கீபோர்டு தப்பியது அண்ணாச்சியின் பொறுமையால். 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் காண்டாக்ட்களில் படிந்த வண்டலை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பிறகு ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நிழலில் மின்விசிறிக்கு அடியில் நாள்கணக்கில் காயவைத்து, பொங்கலுக்கு முந்தைய வாரம் அதற்கு உயிர் கொடுத்தார். மாற்றிய உதிரி பாகங்களுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். அந்த மாதம் அவருடைய கடையில் எங்களைப் போல் எத்தனையோ குழுக்களின் கருவிகள் பிரித்த நிலையில் கிடந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், அவர் வாங்க மறுத்த கூலியின் கனம் எனக்குத் தெரியும்.

இனி அந்த நாகர்கோவில் பக்கத்துக் குழு. உள்ளதைச் சொல்வதென்றால், அவர்களும் நாங்களும் நண்பர்கள் அல்லர். ஒரே கொடைக்கு இரு குழுவும் பேசப்போவதும், ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டு மற்றவர் ஐயாயிரம் குறைப்பதும் இந்தத் தொழிலில் நடப்பதுதான். அவர்கள் எங்களிடமிருந்து எடுத்த கொடைகளும் உண்டு, நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்தவையும் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில் அவர்களே வேனில் வந்து ஆக்டாபேடை இறக்கிவைத்தபோது எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆக்டாபேட் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று புரியும்: அந்த எட்டுத் தட்டுகளும் சும்மா ஓசை தருவன அல்ல. அம்மன் பாட்டுக்கு உடுக்கையும் பம்பையும், இன்னொரு பாட்டுக்குத் தவிலும் உருமியும் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஓசைகளைத் தேடிப் பொருத்தி, ஏற்ற இறக்கம் சரிசெய்து, கருவியில் பதிந்துவைப்பது ஒரு கலைஞரின் பல வருட உழைப்பு. பிறர் கையில் அது போகக்கூடாது என்று பூட்டிவைப்பவர்களே அதிகம். அவர்கள் எதையும் அழிக்காமல், எந்த எண்ணில் எந்தப் பாட்டின் தாளம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, உறைக்குள் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய செய்தி எங்களுக்குப் பங்குனியில்தான் தெரியவந்தது. பங்குனி உத்திரத்தன்று அவர்களுக்கு இரண்டு ஊர்களில் கச்சேரி. இரண்டாவது மேடைக்கு அவர்களிடம் ஆக்டாபேட் இல்லை. எங்களிடம் கேட்டால் அன்று எங்கள் கச்சேரி நின்றுவிடும் என்று, தங்கள் கருவி எங்கள் மேடையில் இருக்கும்போதே, வேறோர் இடத்தில் வாடகை கொடுத்து எடுத்து வாசித்திருக்கிறார்கள். இதை அவர்கள் சொல்லவில்லை. இரு குழுவுக்கும் மைக் செட் போடுகிறவர் வாய்தவறிச் சொன்னார். அந்த வாடகைத் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கவில்லை. அடுத்த முறை தொகை பேசும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தார்கள். அவர்கள் பேசப்போன கொடைக்கு இனி நாங்கள் தொகை குறைத்துப் பேசமாட்டோம் என்பதை இங்கே எழுத்தில் தருகிறோம்.

அந்த மைக் செட்காரருடைய பெட்டிகளிலும் பாதி நனைந்திருந்தன. மீதிப் பெட்டிகளை வைத்து, தை மாதம் முழுவதும் எங்களுக்கு வாடகையில்லாமல் ஒலி அமைத்தார். வேன் ஓட்டும் அண்ணாச்சி முதல் மூன்று கச்சேரிகளுக்கு டீசலுக்கு மட்டும் வாங்கினார். கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு முன்பணம் தந்திருந்த கோயில் கமிட்டியார், விழாவே நின்றுபோன பிறகும் அதைத் திருப்பி வாங்க மறுத்து, வேறொரு நாளுக்குக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். மார்ச்சில் மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் வந்தபின், எங்களுக்காகக் காவல் நிலையத்துக்கு அலைந்து அனுமதி வாங்கிய கமிட்டி இளைஞர்களையும் மறக்கவில்லை. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். நேரம் தாண்டாமல் முடித்து அவர்கள் பெயரைக் காப்பாற்றினோம் என்றே நம்புகிறோம்.

ஒரு மன்னிப்பையும் கேட்கவேண்டியிருக்கிறது. தை மாதம் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஓர் ஊரில், இரவல் தபலா வந்து சேராததால், பாதிப் பாடல்களுக்கு மடிக்கணினியில் டிராக் (முன்பே பதிந்த பின்னணி இசை) போட்டு, அதன்மேல் பாடி ஒப்பேற்றினோம். கூட்டம் கைதட்டியது, கமிட்டியார் பேசிய தொகையை ஒரு ரூபாய் குறைக்காமல் தந்தார்கள். வேனில் ஏறும்போது அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, ‘பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நீங்கள்லாம் கையக் கட்டிக்கிட்டு நின்னதத்தான் பாக்கச் சங்கடமா இருந்துச்சு’ என்றார். அதைச் சொல்லிவிட்டு, சித்திரைக் கொடைக்கும் நீங்களே வரவேண்டும் என்று அங்கேயே அச்சாரம் கொடுத்தார். டிராக் போட்டுப் பாடுவதைத் தவறென்று நான் சொல்லவரவில்லை. பிழைப்புக்கு அதையே நம்பியிருக்கும் நல்ல பாடகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரார் அழைத்தது வாசிக்கிற குழுவை. சித்திரையில் போய் முழுமையாக வாசித்துவிட்டு வந்தோம்.

கடைசியாக ஒருவர். அவரை எங்களில் பலருக்குப் பெயர் சொல்லித் தெரியாது, முகம் தெரியும். கொடைக்குக் கொடை சேவும் கருப்பட்டி மிட்டாயும் கடை போடும் வியாபாரி. எங்கள் குழுவைத் தொடங்கி எங்களுக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்த ஆசான் 2021-இல் காலமானார். எந்தப் பாட்டுக்கு யாருக்கு எத்தனை கட்டை சுருதி, முன்னிசை எங்கே தொடங்கும், எந்த இடத்தில் தபலா நின்று டோலக் எடுக்கும் என்பதையெல்லாம் அவர் பதினான்கு நோட்டுகளில் மைப்பேனாவால் எழுதிவைத்திருந்தார். வெள்ளத்துக்குப் பின் அந்த நோட்டுகளைத் தாள் தாளாகப் பிரித்து உலர்த்தினோம். மைப்பேனா எழுத்து முழுவதும் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. பக்க ஓரங்களில் நாங்கள் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய திருத்தங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

தைப் பொங்கலை ஒட்டி நடந்த ஒரு கச்சேரியில் இதைக் கேள்விப்பட்ட அந்த மிட்டாய்க் கடைக்காரர், தம் கடை எப்போதும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே அமைவதால், 2016 முதல் எங்கள் கச்சேரிகளைச் செல்போனில் பதிந்துவருவதாகக் கூச்சத்தோடு சொன்னார். மறுவாரம் மெமரி கார்டு ஒன்றைத் தாளில் மடித்துக் கொடுத்தார். எழுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள். பாட்டுக்கு நடுவே வெடிச் சத்தமும், குழந்தை அழுவதும், ‘கால் கிலோ சேவு எவ்வளவு?’ என்ற பேரமும் கேட்கின்றன. அவற்றுக்குப் பின்னால் எங்கள் ஆசானின் கீபோர்டு தெளிவாகக் கேட்கிறது. இரண்டு மாதம் இரவுகளில் உட்கார்ந்து, அந்தப் பதிவுகளிலிருந்து நாற்பத்தொரு பாடல்களுக்கான குறிப்புகளை மீண்டும் எழுதிவிட்டோம், இம்முறை பால்பாயிண்ட் பேனாவால். அவருக்கு என்ன செய்வதென்று கேட்டபோது, மேடைக்கு எதிரே இடம் பிடித்துக் கொடுக்கும்படி கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். சொல்லிவருகிறோம். கமிட்டியார் தயவுசெய்து கவனிக்கவும்.

அவருடைய பதிவுகளில் கிடைக்காதது ஒன்றே ஒன்று. அம்மன் பாடல்களைக் கோத்து ஆசான் அமைத்த தொகுப்புக்கு முன்னால், பாடகர் யாரும் வாய் திறக்குமுன், கீபோர்டும் உடுக்கையும் மட்டும் வருகிற ஒரு முன்னிசை உண்டு. கச்சேரி தொடங்கும் ஏழு மணிக்கு மிட்டாய்க் கடையில் கூட்டம் அதிகம் என்பதால் எல்லாப் பதிவும் அதற்குப் பிறகே ஆரம்பிக்கிறது. 2021-க்கு முன் எங்கள் கச்சேரியைத் தொடக்கத்திலிருந்தே பதிந்தவர்கள் யாராவது இருந்தால், ஒலி எவ்வளவு மோசமாக இருந்தாலும், எங்களில் எவரிடமாவது கொடுத்துதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குழுவினர் அனைவர் சார்பிலும்
கீபோர்டு வாசிப்பவன்