வெட்டுப்பட்ட பாதி

சென்னிமலை,
ஆவணி 3.

அன்புள்ள தோழிக்கு,

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் ஹாம்பர்க்கில் என் கைக்குக் கிடைத்தது. விமானத்தில் மூன்று முறை படித்தேன். பதிலை ஊரில் உட்கார்ந்துதான் எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன். வந்து நான்கு வாரம் ஆகியும் அது நடக்கவில்லை. இப்போது விடுப்பில் நான்கு நாள்களே மிச்சம் இருக்கின்றன. தருமபுரிக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணமும் கைகூடவில்லை. ஆனால் உன்னிடம் ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் அது எவ்வளவு அவசரம் என்பது உனக்கு விளங்கும்.

அம்மிச்சி தேறிவிட்டார். கட்டிலைக் கட்டுத்தரைப் பக்கம் போடச் சொல்லி, மாடுகளைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். அப்பா இன்னும் போர்வைத் தறியில்தான் உட்காருகிறார். கண் முன்போல் இல்லாததால் அறுந்த இழையைக் கண்டுபிடிக்க விரலை ஓட்டித் தேடுகிறார். அந்த விரல்களை மட்டும் இரண்டு நாள் எடுத்தேன்.

பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆகிவிட்டாயா என்று நேராகக் கேட்டிருந்தாய். ஆகவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் வேலையில்தான் என் பிழைப்பு நடக்கிறது. அந்த நாட்டில் நான் தங்கியிருப்பதற்கான அனுமதியே அந்த வேலையைச் சார்ந்தது. படம் எடுத்து விற்பதைப் பக்கத் தொழிலாகச் செய்யவும் தனியாக அனுமதி பெறவேண்டும். அதைப் பெற்ற பிறகுதான் பத்திரிகையாளர் அட்டையின் சிக்கல் எனக்குப் புரிந்தது. ஜெர்மனியில் இத்தொழிலுக்கு உரிமம் என்று எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் செய்தி எழுதலாம், படம் எடுக்கலாம். ஆனால் நாடு முழுவதும் மதிக்கப்படும் அந்த அட்டையைப் பத்திரிகையாளர் சங்கங்கள், இதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குத்தான் தருகின்றன. அட்டை இருந்தால் காவல் தடுப்பைத் தாண்ட எளிதாகிறது. தாண்டிப் போய் எடுத்த படம்தான் விலைபோகிறது. படம் விலைபோனால்தான் அது தொழிலாகிறது. இந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கம் நுழைவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சனிக்கிழமை ஊர்வலங்களில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, குளிரில் விறைத்த விரலோடு, முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறேன்.

இத்தனைக்கும் ஹாம்பர்க் பத்திரிகைகளின் ஊர். ஷ்டெர்னும் டெர் ஷ்பீகலும் அங்கிருந்துதான் வெளிவருகின்றன. ஒரு பத்திரிகையின் படப்பிரிவுப் பொறுப்பாளரைப் பார்க்க நேரம் கிடைத்தது. துறைமுகத் தொழிலாளர்களோடு இரண்டு குளிர்காலம் அலைந்து எடுத்த நாற்பது படங்களை அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்தியாவில் எடுத்தது எதுவும் இல்லையா என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு உதவி செய்வதாகவே நினைத்திருப்பார். ஆனால் எல்பே ஆற்றை எடுக்க அங்கே பிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்றும், நான் எடுத்துத் தரவேண்டியது நம் நொய்யல் ஆற்றை என்றும் அவர் மனத்தில் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. இங்கே இருப்பவர்களோ, நொய்யலைப் பற்றி ஏதாவது தேவைப்பட்டால், அவள்தான் வெளிநாடு போய்விட்டாளே என்று வேறு ஒருவரை அழைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கரையிலும் எனக்கு இடமில்லாமல் போனதுதான் இந்த ஆறு ஆண்டுகளில் என்னை அதிகமாக வருத்தியது. பணமும் குளிரும் அதற்கு அடுத்தபடிதான்.

அம்மாவின் கவலை வேறு. 2021-இல் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட செய்தியைப் படித்த நாளிலிருந்து, கேமராப் பையை நான் தோளில் மாட்டினாலே எங்கே போகிறாய் என்று கேட்கிறார். அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் இந்த முறை விட்டார். ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரைகளைவிடக் கேமராக்கள் அதிகமாக இருந்ததைப் போலத் தோன்றியது. நான் ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பினேன். அதற்கான காரணத்துக்குத்தான் இப்போது வருகிறேன்.

ஜெர்மனியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1898-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, ஹாம்பர்க்கை அடுத்த ஃப்ரீட்ரிக்ஸ்ரூவில், ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க் தம் வீட்டில் இறந்தார். அன்றிரவே ஹாம்பர்க் புகைப்படக்காரர்கள் இருவர், வீட்டோடு தொடர்புடைய ஒருவருக்குப் பணம் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் அறைக்குள் புகுந்து, கட்டிலில் கிடந்த உடலை மக்னீசியம் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டார்கள். அதை விற்க முயன்றபோது குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். படம் பறிமுதலாயிற்று, இருவரும் சிறை சென்றார்கள். ஒருவரின் உருவத்தின் மீது அவருக்கு உள்ள உரிமை என்ன என்ற கேள்வி அந்த வழக்கில் கிளம்பி, 1907-இல் சட்டமாயிற்று. ஒருவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. நாட்டு நடப்பாக விளங்கும் நிகழ்ச்சிகள், கூட்டங்கள், ஊர்வலங்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இறந்தவரின் படமானால், இறந்து 10 ஆண்டுகள் வரை அவருடைய குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும்.

இந்தச் சட்டத்தின் மீது முதல் இரண்டு ஆண்டுகள் எனக்குக் கோபமாக இருந்தது. ரயிலில் எதிரே உறங்கும் ஒரு முகத்தின் அழகைப் பார்த்துக்கொண்டே கேமராவை மடியில் வைத்திருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். பிறகு கேட்கப் பழகினேன். பாதிப் பேர் மறுத்தார்கள். சம்மதித்தவர்களோடு பேச வேண்டியிருந்தது. பேசப் பேச அவர்கள் வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் போக முடிந்தது. துறைமுகப் படங்கள் அப்படி வந்தவைதான். விற்கவில்லை என்றாலும், நான் எடுத்தவற்றில் எனக்குக் கூச்சமில்லாதவை அவை மட்டுமே. அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரைக்காரரின் முகத்துக்கு ஓரடி முன்னால் லென்ஸை நீட்டிக்கொண்டு ஐந்து பேர் நின்றார்கள். அவர் குதிரையின் கழுத்துக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறாவதாக நிற்க என்னால் முடியவில்லை.

2012-இல் நான் எடுத்த ஒரத்துப்பாளையத்துப் படம் உனக்கு நினைவிருக்கும். கிணற்று மேட்டில் ஒரு பெண் குடத்தைச் சாய்த்து, சாயம் கலங்கிய தண்ணீரைக் கீழே ஊற்றிக்கொண்டிருப்பார். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் குட்டையாகி, சுற்றிலும் கிணறுகளெல்லாம் உப்பேறிப் போன கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழிவு வெளியேற்றுவதை நிறுத்தாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதை வாங்கி அரைப்பக்கம் போட்டது. இன்றுவரை என் பெயரில் விலைபோன பெரிய படம் அதுதான். அந்தப் பெண்மணியிடம் நான் சம்மதம் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. ஹாம்பர்க்கில் அந்நியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சம்மதம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிணற்று மேடு எனக்குள் வந்து நிற்கும்.

அதனால் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சென்ற செவ்வாய்க்கிழமை அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்கள் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கின்றன; வெள்வேல மரத்தடியில் ஆடுகள் படுத்திருந்தன. படத்தைக் காட்டி நான்கு வீடுகளில் விசாரித்த பிறகு அந்த அம்மாவைக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே கூப்பிட்டு, கேன் தண்ணீரை ஊற்றித் தந்துவிட்டு, கிணற்றுத் தண்ணீர் இன்னும் வாயில் வைக்க ஆகாது என்றார். படத்தை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்துக்காக வாசலுக்கு எடுத்துப் போய் நெடுநேரம் பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் எதிர்பார்த்தேன்.

“ஏங்கண்ணு, எங்கூட்டுக்காரரு பக்கத்துலதான நின்னுட்டு இருந்தாரு, அவரைக் காணமே?” என்று கேட்டார்.

எனக்கு வாய் எழவில்லை. அவர் சொன்னது உண்மை. மூலப் படம் அகலமானது. அதில் இடது ஓரமாக, வாளிக் கயிற்றைக் கையில் சுற்றியபடி அவர் கணவர் நிற்கிறார். பத்திரிகைக்காரர்கள் தங்கள் பக்கத்துக்குப் பொருந்துவதற்காக நெடுக்காக வெட்டியபோது அவரைத் தள்ளிவிட்டார்கள். அதை அவர்கள் மீது மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. தனியாக நிற்கும் பெண் என்றால் படத்துக்கு வலு கூடுகிறது என்று நம்பி, வெட்டிய வடிவத்தையே என் தொகுப்பில் நானும் பன்னிரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டாராம். வேலை செய்கிற கோலத்தில் அவருடைய படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. மாலை போட்டு வைத்திருப்பது அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகம். அந்த நாட்டுச் சட்டப்படி பார்த்தால், அவர் படத்தை வெளியிடலாமா கூடாதா என்று இன்னும் ஆறு ஆண்டுகளுக்குச் சொல்ல வேண்டியவர் இந்த அம்மாதான். அவரிடமோ அந்தப் படமே இல்லை.

உன் மாணவி புகைப்படம் படிக்க வெளிநாடு போகலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஹனோவரில் இதற்கென்றே நல்ல பட்டப்படிப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் கல்விக் கட்டணச் சுமை இல்லை, ஆனால் ஜெர்மன் மொழியில் தேறியிருக்க வேண்டும், தங்கும் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். அவள் போக விரும்பினால் விண்ணப்பம் முழுவதற்கும் நான் உடனிருக்கிறேன். அதற்கு முன்பு மதுரையைச் சேர்ந்த பழனிக்குமாரின் படங்களை அவளுக்குக் காட்டு. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் ஆண்டுக்கணக்கில் அவர்களோடு இருந்தே எடுத்தவர். 2022-இல் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரில், கிராமப்புற வாழ்வை ஆவணப்படுத்தும் பாரி அமைப்பு வழங்கும் ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். ஓர் ஊரை விட்டு நகராமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அவள் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கட்டும்.

என் நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஹாம்பர்க் கடைகளில் தொங்கும் பனியன்களின் கழுத்துப் பட்டியில் இந்தியா என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் திருப்பூர் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். நொய்யல் கரையில் தொடங்கி, பின்னலாடைக் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்கள் வழியாக, கப்பலேறி, எல்பே கரையில் அதைப் பிரித்து அடுக்குபவர் வரை ஒரே தொடராக எடுக்கவேண்டும் என்று திட்டம் வைத்திருக்கிறேன். அந்தப் பொறுப்பாளர் இரண்டாகப் பிரித்து வைத்த கரைகளை இணைக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எதிர்வரும் மாசியில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்புக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எடுப்பேன். எடுத்ததைக் கொண்டுவந்து காட்டுவேன். மூன்று மாதம் போதாது என்பது தெரியும்.

இப்போது அந்த வேலை. நான் கிளம்பும்போது உன்னிடம் கொடுத்துவைத்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் 2012 என்ற ஃபோல்டருக்குள் நொய்யல் என்று ஒன்று இருக்கும். என்னிடம் ஹாம்பர்க்கில் இருப்பது வெட்டிய வடிவம் மட்டும்தான். முழுப்படம் உன்னிடம்தான் இருக்கிறது. அந்த டிஸ்க்கைப் பத்து ஆண்டுக்கு மேலாகப் பயன்படுத்தியாகிவிட்டது. திறக்கும்போது சத்தம் கேட்டால் மறுபடி முயலாமல் உடனே நிறுத்திவிடு, ஈரோட்டில் பழுதுபார்ப்பவரிடம் அப்பா கொண்டுபோவார். திறந்துவிட்டால், கிணற்று மேட்டில் எடுத்த படங்கள் ஏழெட்டு இருக்கும். அவற்றுள் அவர் கயிற்றோடு நிற்பது எதுவானாலும் வெட்டாமல், நிறம் மாற்றாமல், இருக்கிறபடியே அச்சுப் போட்டு, காலாண்டு விடுமுறையில் ஊருக்கு வரும்போது நீயே கொண்டுபோய் அந்த அம்மா கையில் கொடு. வீட்டுக்கு வழி அப்பாவுக்குத் தெரியும். தபாலில் அனுப்பவேண்டாம்.

கொடுத்த பிறகு, இந்தப் படத்தை இனி வெளியே காட்டலாமா என்று அவரிடம் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். என் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன். அவர் சொல்லும் வார்த்தையை மாற்றாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி