நடுவர் கொடுத்த அரையிறுதியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் வேலை பார்த்த கால்பந்துப் பயிற்சியாளர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையோடு. இரண்டாவது தடவை, நான் சரியாகத்தான் படித்தேனா என்று பார்க்க. நெதர்லாந்துக்காரர் கூஸ் ஹிடிங்குக்கு அதில் கிடைத்தது ஒரே வாக்கியம்: 2002 உலகக் கோப்பையில் நடுவர்களின் தயவால் தென்கொரியாவை அரையிறுதிவரை கொண்டுபோன அதிர்ஷ்டக்காரர். ஏழெட்டு நாடுகளில் வேலை பார்த்து, முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்த மனிதருக்கு அவ்வளவுதான்.

நான் அப்போது தென்கொரியாவின் தேகு நகரத்தில் இருந்தேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, 2000 கடைசியில் அங்கே ஒரு சாயத் தொழிற்சாலைக்குப் போனேன். தேகு ஜவுளி ஊர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் நான் சொல்வது டிவியில் பார்த்த கதையில்லை.

2001 மே 30ஆம் தேதி எங்கள் ஊர் மைதானத்தில்தான் பிரான்ஸ் 5-0 என்று கொரியாவை அடித்தது. கேன்டீனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காவது கோல் விழுந்ததும் எங்கள் ஃபோர்மேன் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே வெளியே போய்விட்டார். ஆகஸ்டில் செக் குடியரசிடம் மறுபடியும் 5-0. அப்புறம் ஹிடிங்குக்கு ‘ஓ-தே-யங்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஐந்துக்குப் பூஜ்யம் என்று அர்த்தம். பத்திரிகைகள் அவரை விரட்டச் சொல்லி எழுதின. 2002 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த கோல்ட் கப் போட்டியிலும் அணி சரியாக ஆடவில்லை. விளையாட்டை விட்டுவிட்டு, கூட வந்த பெண் யார் என்றுகூட விசாரித்தார்கள். அந்த அதிர்ஷ்டத்தைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

2001 ஜனவரியிலிருந்து உலகக் கோப்பைவரை, அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் என்ன செய்தார்? கொரியர்களுக்கு ஓட்டமும் மூச்சும் உண்டு, பந்து நுணுக்கம்தான் போதாது என்று அதுவரை எல்லாரும் சொல்லிவந்தார்கள். ஹிடிங்க் வந்து பார்த்துவிட்டு, அது தலைகீழ் என்றார். இரண்டு காலாலும் பந்தை நன்றாக ஆடுகிறார்கள், உடல் தகுதிதான் தொண்ணூறு நிமிடத்துக்குப் போதாது என்றார். ரேமண்ட் ஃபெர்ஹெயன் என்ற உடற்பயிற்சியாளரை வரவழைத்து மாதக்கணக்கில் ஓடவிட்டார். ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால்கூடக் கடினப் பயிற்சியா என்று எங்கள் தொழிற்சாலையிலேயே திட்டினார்கள். உலகக் கோப்பையில் இத்தாலியோடு ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், 117ஆவது நிமிடத்தில் எம்பித் தலையால் வெற்றிக் கோல் அடிக்கிற தெம்பு கொரியாவின் ஆன் ஜுங்-ஹ்வானுக்கு எங்கிருந்து வந்தது? நடுவரா கொடுத்தார்?

இன்னொன்று. அங்கே வயதில் மூத்தவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஹ்யோங்’, அதாவது அண்ணன் என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கு இது புரியாத விஷயமில்லை. சாப்பாட்டு மேசையில்கூடப் பெரியவர்கள் ஒரு பக்கம், சின்னவர்கள் ஒரு பக்கம். ஹிடிங்க் அதைக் கலைத்து உட்கார வைத்தார். மைதானத்துக்குள் அண்ணனும் கிடையாது தம்பியும் கிடையாது, பேர் சொல்லித்தான் பந்து கேட்க வேண்டும் என்றார். ஹோங் மியுங்-போ எவ்வளவு பெரிய ஆள்! அவரையே பல மாதம் அணிக்கு வெளியே வைத்திருந்து, அப்புறம் கேப்டனாகக் கொண்டுவந்தார்.

பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு எங்கள் ஃபோர்மேனும் மாறினார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அடுத்த மெஷினில் இருபத்தோரு வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். ஒருநாள் தொட்டியில் நிறம் திட்டுத் திட்டாக ஏறுவதை முதலில் கண்டவன் அவன்தான். முன்பெல்லாம் மூத்தவர் கவனிக்கட்டும் என்று வாயைத் திறக்கமாட்டான். அன்றைக்கு நேராகக் கத்தினான். ஃபோர்மேன் கோபப்படவில்லை, ஓடிப்போய் வால்வை மூடினார். 2002 மே மாதம் முழுக்க எங்களுக்குக் கொரிய அணியின் சிவப்பு நிறத்துணிதான். குளித்தாலும் நகக்கண்ணில் சிவப்பு போகாது.

ஊர் திரும்பிய பிறகு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதையே சொன்னேன். சின்னப் பையன்கள் தவறைக் கண்டால் நேராக மாஸ்டரிடம் சொல்ல விடுங்கள் என்றேன். நேற்று வந்தவனெல்லாம் பேசினால் மரியாதை என்னாவது என்று என் வாயை அடைத்தார்கள். அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு. அதனால்தான் அந்த மனிதர் செய்ததை அதிர்ஷ்டம் என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை.

நடுவர்கள் விஷயத்துக்கே வருகிறேன். இத்தாலியின் தொமாசிக்கு எதிராகத் தூக்கிய ஆஃப்சைடு கொடி தவறு. ஸ்பெயினுக்கு வந்திருக்க வேண்டிய கோல், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டாமலே தாண்டியதாகச் சொல்லி மறுக்கப்பட்டது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தாலியின் டோட்டி சிவப்பு அட்டை வாங்கியது கூடுதல் நேரத்தில். 88ஆவது நிமிடத்தில் கொரியாவின் சோல் கி-ஹியோன் கோல் அடித்துச் சமன் செய்தபோது இத்தாலி பதினொரு பேரோடுதான் நின்றது. ஒரு கோல் பின்தங்கியிருந்த அணியில், ஒரு தடுப்பாட்டக்காரரையும் ஒரு நடுக்களக்காரரையும் கடைசியில் கேப்டன் ஹோங்கையுமே வெளியே எடுத்துவிட்டு மூன்று முன்கள வீரர்களை உள்ளே அனுப்பிய துணிச்சல் யாருடையது? போலந்தை 2-0 என்று வென்றபோது யார் தயவு? அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்காத நாடு அது.

அதிர்ஷ்டக் கணக்கு எழுதுவதானால் முழுதாக எழுத வேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவோடு போனார். 1974க்குப் பிறகு அந்த நாடு உலகக் கோப்பைக்குப் போனது அப்போதுதான். அதே இத்தாலியிடம் கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டியால் தோற்றார். அந்தப் பெனால்டி சரியா என்று இன்னும் பேசுகிறார்கள். 2009இல் இங்கிலாந்தின் செல்சி கிளப்போடு பார்சிலோனாவுக்கு எதிராக ஆடியபோது எத்தனை பெனால்டி மறுக்கப்பட்டன! 93ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் இனியெஸ்டா அடித்தார், முடிந்தது. 2008 யூரோ கோப்பையில் ரஷ்யாவை வைத்துத் தன் சொந்த நாட்டையே பாசலில் 3-1 என்று வென்றாரே, அதுவும் தயவா? 1988இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி கிளப்போடு ஐரோப்பியக் கோப்பை வென்றதைக் கட்டுரையில் தேடிப் பார்த்தேன், இல்லை. துருக்கியிலும், 2014இல் திரும்பி வந்து ஏற்ற நெதர்லாந்து அணியிலும் அவர் தோற்றார். அதை எழுதியிருந்தால்கூட நியாயம் என்று ஏற்றுக்கொண்டிருப்பேன்.

2002 அணியில் ஆடிய பார்க் ஜி-சுங்கைத் தன்னோடு பிஎஸ்வியின் ஊரான ஐந்தோவனுக்கு அழைத்துப் போனார். சொந்த ரசிகர்களே அந்தப் பையனைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். ஹிடிங்க் கைவிடவில்லை. 2005 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மிலானுக்கு எதிராக முதல் கோல் அடித்தவர் அதே பார்க்.

தங்கள் இதழைப் பதினேழு வருஷமாக வாங்குகிறேன். கால்பந்துக்கு மாதம் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள் என்று மூன்று கடிதம் எழுதினேன். ஒரு கடிதம்தான் அச்சில் வந்தது, அதுவும் நாலு வரியாக. கிரிக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அபூர்வமாகக் கால்பந்து வரும்போதாவது தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பலாம் அல்லவா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1998 உலகக் கோப்பையில் ஹிடிங்கின் கொரிய அணி 5-0 என்று தோற்றதாகக் கட்டுரையில் இருக்கிறது. அன்றைக்கு மார்செய்யில் கொரியாவின் பயிற்சியாளர் சா பும்-குன். அந்தத் தோல்விக்காக அவரை உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கினார்கள். ஹிடிங்க் நின்றது எதிர்ப்பக்கத்தில், ஜெயித்த நெதர்லாந்து அணியோடு. அடுத்த இதழில் இரண்டே வரியில் இதைத் திருத்தி, பெயரையும் ‘ஹிட்டிங்’ என்றில்லாமல் ஹிடிங்க் என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நீண்ட நாள் வாசகன்,
திருப்பூர்.