செயலாளர் ஆண்டறிக்கை: ஐந்து நாடகங்களும் அத்தையின் நோட்டும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் நாடக சங்கம் ஐந்து நாடகங்களை மேடை ஏற்றியது. மூன்று முழுநீளம், இரண்டு ஓரங்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. ஒவ்வொரு மாதக் கூட்டத்தின் முடிவிலும் அத்தையின் நோட்டிலிருந்து வாசிக்கும் வீட்டுக் குறிப்புகளையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள் என்று பலரும் கேட்டீர்கள். எனவே இது முழுக்க நாடகமும் இல்லை, முழுக்க வீட்டுக் குறிப்பும் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே டிரங்குப் பெட்டிக்குள்தான் இருந்தன, பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

முதலில் அத்தை. நம் சங்கத்தின் உடைப் பொறுப்பை இத்தனை காலமும் பார்த்துவந்த என் அத்தை இந்த ஆண்டு காலமானார். இரண்டாவது நாடகத்தின் உடைகளுக்குக் கடைசிப் பொத்தான் வரை தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார். பலருக்கு அவர் கிரீன் ரூமில் வாயில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு, கையில் ஊசியோடு நிற்கும் உருவமாகத்தான் தெரியும். எனக்கு அவர்தான் நாடகத்தையே சொல்லிக் கொடுத்தவர். தாத்தா பிராம்ப்டர், நடிகர் வசனம் மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பவர். மேடை ஓரத்து மறைவான சைடு விங்கில் ஒரு முக்காலி, ஒரு டார்ச், ஓரம் மடிந்த பிரதி, அவ்வளவுதான் அவர் உலகம். எல்லாக் கேரக்டரின் வசனமும் மனப்பாடம், ஆனால் மேடையில் ஒருநாளும் முகம் காட்டியதில்லை. அப்பா செட் போடுவார், படுதா வரைவார். அம்மா நடிப்பார். நான் நடக்கப் பழகியதே ஒத்திகைக் கூடத்தில், தூங்கியது விக் பெட்டிக்குப் பக்கத்தில். இப்போது என் மகள் ஒளி அமைப்பு பார்க்கிறாள். ஒரு குடும்பம் முழுக்க இதில் எப்படி விழுந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நாடகம் தனியாள் பொழுதுபோக்காக எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, வீட்டு வேலையாக வந்தது. தைப்பது, துவைப்பது, ஆணி அடிப்பது, பெட்டி கட்டுவது என்று ஆளுக்கொரு வேலை இருந்தது. வேலை இருந்ததால் யாரும் வெளியே நிற்கவில்லை.

சரி, இந்த ஆண்டின் நாடகங்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை, பார்த்தீர்கள். ஆனால் மூன்றாவது நாடகத்தின் இரண்டாம் நாளை மட்டும் பதிவு செய்ய வேண்டும். கடைசிக் காட்சியில் மகன் எழுதிய கடிதத்தை அப்பா எடுத்துப் படிக்க வேண்டும், கதையே அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. மேசை இழுப்பறையைத் திறந்தார், கடிதம் இல்லை. இடைவேளையில் மேசையை நகர்த்தியபோது யாரோ எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள். நான் விங்கில் நிற்கிறேன், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் இழுப்பறையை மெதுவாக மூடினார், நாற்காலியில் உட்கார்ந்தார், "கிழித்துப் போட்டுவிட்டேன், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது" என்றார். பிறகு முழுக் கடிதத்தையும் வெறும் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. அடுத்த நாளிலிருந்து எழுத்தாளர் கடிதத்தையே எடுத்துவிட்டார், இனி இந்தக் காட்சி இப்படித்தான் என்று. இதுதான் நேரில் பார்க்கும் நாடகம். முதல் நாள் வந்தவர்கள் பார்த்தது வேறு, இரண்டாம் நாள் வந்தவர்கள் பார்த்தது வேறு, அந்த இரண்டாம் நாள் இனி யாருக்கும் திரும்பக் கிடைக்காது.

ஆனால் கடிதம் காணாமல் போனது தவறுதான், அதை நடிகரின் சாமர்த்தியத்தில் மறைத்துவிடக் கூடாது. அதனால் இப்போது எல்லா நாடகத்துக்கும் பொருள் மேசை வைத்திருக்கிறோம். மேசைமேல் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளின் உருவத்தையும் கோடு போட்டு வரைந்து, பெயரும் எழுதி, அந்தப் பொருளை அந்தக் கோட்டுக்குள் மட்டும் வைப்பது. திரை தூக்கும் முன் ஒரே பார்வையில் எந்தக் கட்டம் காலி என்று தெரிந்துவிடும். பெரிய நாடகக் குழுக்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. இதை வீட்டில் செய்து பாருங்கள். வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் சாவி, மூக்குக் கண்ணாடி, மாத்திரைப் பெட்டி, டார்ச் நான்குக்கும் கோடு வரைந்து வைத்தோம். என் மாமனாருக்கு மறதி கொஞ்சம் கூடிவருகிறது, அவருக்கு இது எவ்வளவு உதவுகிறது என்று சொல்லி முடியாது. எங்கே வைத்தேன் என்று தேடி மனம் உடைவதில்லை, காலிக் கட்டத்தைப் பார்த்ததும் அவரே சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

அப்புறம் கறை. நோட்டில் பாதி பக்கங்கள் கறையைப் பற்றித்தான். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும், காயம் பட்ட நடிகரின் வேட்டியை நான் வெந்நீரில் முக்கப் போனபோது அத்தை ஓடிவந்து கையைப் பிடித்தார். "ஏய், ரத்தத்துக்குக் கொதி தண்ணி ஊத்தாதடி, அப்படியே துணியில் வெந்துரும்!" அவர் சொன்னது சரியான வேதியியல். ரத்தத்தில் இருப்பது புரதம், சூட்டில் அது இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் உடனே அலசி, பிறகு சோப்புப் போட வேண்டும். மேடை ரத்தம் வேறு கதை. அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகும் சாயமும், சர்க்கரை கரைந்துவிடும், சாயம் நிற்கும். ஆகவே புதுக் கலவை எதுவானாலும் அந்த உடையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, காயவைத்து, துவைத்துப் பார்த்த பிறகே மேடைக்குப் போக வேண்டும் என்பது நம் சங்கத்தின் விதி. வீட்டில் புதிதாகக் கறை நீக்கி வாங்கினாலும் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

ஒப்பனைக் கறைக்குத் தண்ணீர் முதலில் படக் கூடாது. மேக்கப்பில் எண்ணெயும் மெழுகும் இருப்பதால், துணி காய்ந்திருக்கும்போதே கறைமேல் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை ஒரு சொட்டு விட்டு விரலால் மெதுவாகத் தேய்த்து, சற்று நேரம் விட்டு அலசினால் போய்விடும். சட்டைக் கழுத்து அழுக்குக்கும் இதே முறை. மெழுகுவர்த்தி சொட்டிய துணிக்கு ஐஸ் கட்டி வைத்து இறுக விட்டு, கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்து, மீதிக்கு மேலும் கீழும் வெள்ளைத்தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் மெழுகைக் குடித்துவிடும். சூயிங்கம்முக்கும் ஐஸ்தான், ஆனால் இஸ்திரி வேண்டாம். வெல்வெட்டை நேராக இஸ்திரி போடாதீர்கள், மயிர் படிந்து பளபளவென்று ஒரு தழும்பு விழும், பிறகு எடுக்கவே முடியாது. குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டால் சுருக்கம் தானாக இறங்கும்.

துவைக்கவே முடியாத சரிகை உடைகள், கனமான கோட்டுகள் இருக்கின்றனவே, அவற்றின் வியர்வை வாடைக்கு மேல்நாட்டு நாடக அரங்குகளில் உடைப் பிரிவினர் வோட்காவைத் தெளிப்பான் புட்டியில் ஊற்றி உள்பக்கமாக அடிப்பார்கள். அதிலுள்ள ஆல்கஹால், வாடைக்குக் காரணமான பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு ஆவியாகப் போய்விடும். நாங்கள் தண்ணீர் கலந்த சர்ஜிகல் ஸ்பிரிட் வைத்துச் செய்கிறோம். பக்கத்தில் தீயோ சூடான விளக்கோ இருக்கக் கூடாது, பட்டுப் போலப் பளபளக்கும் அசிடேட் என்ற செயற்கைத் துணியில் அடிக்கவே கூடாது. மற்றபடி பழைய சால்வை, திருமணக் கோட்டு எல்லாவற்றுக்கும் இது நல்ல வழி.

மார்ச் 27, உலக நாடக தினம். 1962 முதல் கொண்டாடப்படுகிற இந்த நாளில் நாமும் ஒரு கூட்டம் நடத்தினோம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது பற்றியும், சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தொடங்கிய பாலர் சபை என்ற சிறுவர் நாடகக் குழுவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றது பற்றியும் மூத்த உறுப்பினர்கள் பேசினார்கள். சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. பகலில் ஒரு வேலை, மாலையில் நாடகம் என்று வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு அவர்தான் முன்னோடி. என் மகள் விளக்குகளைப் பற்றிப் பேசினாள். மின்சாரத்துக்கு முன் சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த தீயில் காய்ச்சி, அது கக்கும் வெள்ளை ஒளியை நடிகர்மேல் பாய்ச்சினார்கள், 1837இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் இது வந்தது. 1881இல் லண்டன் சவாய் அரங்கம் முழுவதும் மின்விளக்குக்கு மாறியது. பேச்சின் முடிவில் அவள் சொன்ன குறிப்பு எனக்குப் பிடித்தது: ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது. தோலின் எண்ணெய் கண்ணாடியில் ஒட்டி, அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். துணியால் பிடித்து மாட்டுங்கள்.

இந்த ஆண்டு நான் அதிகம் கவலைப்பட்டது வாசல் கதவுகளைப் பற்றி. நான்காவது நாடகத்துக்கு நாம் எடுத்த அரங்கில் பக்கவாட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கதவு திறக்கும் வரை பார்வையாளர்களை உள்ளே விட மாட்டோம் என்று நம் குழு நின்றது, நாடகம் முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. சிலர் கோபித்தார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்குவாய் அரங்கில் பகல் காட்சியில் விளக்கு ஒன்றிலிருந்து தீ திரையில் பற்றியது. தீ தடுக்கும் திரை பாதியில் சிக்கிக்கொண்டது, வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன, சில உள்பக்கமாக மட்டும் திறந்தன. 602 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் பெண்களும்தான் அதிகம், விடுமுறைக்குக் குடும்பத்தோடு நாடகம் பார்க்க வந்தவர்கள். அழுத்தினால் வெளியே திறக்கும் கதவுக் கம்பிகள் பிறகு பரவியதற்கு அந்த விபத்து ஒரு காரணம். குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைக்கிற சங்கம் பூட்டிய கதவோடு திரையைத் தூக்க முடியாது. இனியும் தாமதமாகும் என்றால் தாமதமாகட்டும்.

வீட்டுக்கும் அப்படியே. வாசல் வழியில் செருப்பு அலமாரி, மடித்த நாற்காலி எதுவும் குறுக்கே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே தேங்கி வயரின் உறை உருகும். முழுவதும் பிரித்துப் போட்டுப் பயன்படுத்துங்கள். வயரை எடுத்து வைக்கும்போது முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல், ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் கீழாக என்று மாற்றி மாற்றி விட்டால் உள்ளிருக்கும் கம்பி முறுக்கிக்கொள்ளாது. அப்பா இதை எங்கள் எல்லோர் கையிலும் கயிற்றை வைத்துப் பழக்கினார், தம்பிக்கு வர ஒரு வாரம் ஆயிற்று. இருட்டில் நடிகர்கள் ஏறி இறங்கும் படி விளிம்பில் நாம் ஒட்டும் ஒளிரும் டேப் இரண்டு துண்டு வீட்டு மாடிப்படிக்கும் ஒட்டுங்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து ஒட்டுங்கள்.

இன்னும் சில சின்னச் சின்ன விஷயங்கள் நோட்டில் இருக்கின்றன. தைக்கும் நூலை மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. ஜிப் இறுகினால் பென்சில் முனையைப் பற்களில் தேய்க்கலாம். நகைப் பெட்டியில் ஒரு சாக்பீஸ் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சரிகைத் துணியைப் பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது பிரித்து வேறு மடிப்பாக மடிக்க வேண்டும், ஒரே மடிப்பில் விட்டால் அந்தக் கோட்டிலேயே கிழியும். இதை அத்தை நோட்டில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். கடைசியாக எழுதிய இடத்தில் கையெழுத்து நடுங்கியிருக்கிறது.

நிர்வாகத்தில் ஒரே மாற்றம்: உடைப் பொறுப்பை என் தம்பி மனைவி ஏற்றுக்கொண்டிருக்கிறார், ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களில் இரண்டு குடும்பங்கள் குழந்தைகளோடு ஒத்திகைக்கே வருகிறார்கள், அவர்களுக்கு உடனே வேலை கொடுங்கள், சும்மா உட்கார வைக்காதீர்கள். நோட்டை நகல் எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுக்கிறோம். கடைசிப் பத்துப் பக்கம் காலியாக விட்டிருக்கிறோம், உங்கள் வீட்டுக் குறிப்பை அதில் எழுதி அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தன்று காலையில் உடைகளை எல்லாம் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுகிறோம். முடிந்தவர்கள் ஆளுக்கொரு பழைய பருத்தித் துணி எடுத்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுங்கள். டிரங்குப் பெட்டியின் மூடி திறக்கும்போது சத்தம் போடுகிறது, யாராவது கீலுக்குத் தேய்க்க ஒரு துண்டு மெழுகுவர்த்தியும் கொண்டுவாருங்கள்.